கூப்பிடாத வீடு

மார்ச் 4, புதன்

காலையில் குளியலறைக் குழாயின் வாஷர் போய்விட்டது. ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால், துணி கட்டினால் நிற்குமா என்று கேட்டிருப்பார்கள். நானும் நிற்கும் நிற்கும் என்று வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். கேட்க ஆளில்லை. அது தன்பாட்டுக்குச் சொட்டுகிறது.

மதியச் சாப்பாடு வழக்கம்போல சோதனை அறையில். சுவரில் பத்து டிவி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு மாடல் செட்டாப் பெட்டி. ஊரில் எங்கள் கேபிள் கம்பெனி எத்தனை வகைப் பெட்டி கொடுத்திருக்கிறதோ அத்தனையிலும் இங்கே ஒன்று உண்டு. சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருப்பேன். பத்துப் பேர் வாயசைத்துக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். இருபத்திரண்டு வருஷமாகப் பழக்கம். நாற்பத்தொன்பது வயதில் இதை மாற்றி என்ன ஆகப்போகிறது?

நாளை புது அப்டேட் போகிறது. சில சேனல்களில் உதடு முந்துகிறது, பேச்சு பிந்துகிறது, அதற்கு மருந்து. போன தடவை குழாய் பழுதுபார்க்க வந்தவர் என் வேலை என்ன என்று கேட்டார். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றுவது என்றேன். வீடு வீடாகப் போவீர்களா என்றார். இல்லை ஐயா, மென்பொருள் கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, படம் வருகிற அதே கம்பியில் சுற்றவிடுவோம். கடைசித் துண்டு போனதும் மறுபடி முதல் துண்டு. நாள் முழுக்க, வாரம் முழுக்க. ரிமோட்டில் அணைத்ததும் பெட்டி தூங்கிவிட்டதாகத்தானே நினைக்கிறீர்கள்? அரைத்தூக்கத்தில் கம்பியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இது என் மாடலுக்கா, என்னிடம் இருப்பதைவிடப் புதுசா என்று பார்த்து, ஆமென்றால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு புது ஆளாக எழுந்துகொள்ளும். அவர் தலையாட்டிவிட்டு, உங்கள் வீட்டு டிவி எங்கே என்றார். இல்லை என்றேன். சிரித்தார்.

சோதனைத் தாளில் பத்து வரிசைக்கும் டிக் போட்டு மேலாளர் மேசையில் வைத்தேன். ஏழாம் மாடலின் சோதனைப் பெட்டி ஜனவரியிலேயே செத்துவிட்டது. மாற்றுப் பெட்டி கேட்டு எழுதி வரவில்லை. ஆறும் ஏழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், சர்க்யூட் ஒன்றுதான். ஆறு ஓடினால் ஏழும் ஓடும்.

மார்ச் 5, வியாழன்

மதியம் இரண்டு மணிக்குச் சுற்றவிட்டாயிற்று. எங்கள் கம்பி ஒருவழி. போனது தெரியும், சேர்ந்தது தெரியாது. யாரும் கூப்பிடவில்லை என்றால் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 6, வெள்ளி

கூப்பிட்டார்கள்.

புகார் மேசையில் இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. அவள் பேசினால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். இன்று காலை எட்டரையிலிருந்து அந்தக் குரலில் ஒரே பாட்டு: "பெட்டி ஆன் ஆகி ஆகி அணையுதா? எழுத்து வருதா? என்ன எழுத்து? தயவுசெய்து காத்திருக்கவும்னு வருதா?" பதினோரு மணிக்குள் பத்தொன்பது புகார். சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். பத்தொன்பதும் ஏழாம் மாடல்.

ஓடிப்போய்ச் சுற்றுவதை நிறுத்தினேன். ஊரில் மொத்தம் இருபத்தாறாயிரம் பெட்டி. அதில் ஏழாம் மாடல் நாற்பத்து மூன்றுதான். நாற்பத்து மூன்றும் வாங்கியிருக்கும். நல்ல பிள்ளைகள், கொடுத்ததைக் கொடுத்தபடி விழுங்கிவிட்டன.

மார்ச் 7, சனி

காரணம் கிடைத்துவிட்டது. ஏழில் நினைவகம் கொஞ்சம் சின்னது. கடைசித் துண்டுக்கு இடமில்லை. பெட்டி எழப் பார்க்கிறது, காத்திருக்கவும் என்கிறது, முடியாமல் விழுகிறது, மறுபடி எழுகிறது. முழுசாக எழுந்தால்தான் கம்பியில் சொல்வது காதில் ஏறும் என்பதால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. நேரில் போய், பின்பக்கத் துளையில் மடிக்கணினியின் கம்பியைச் செருகி, பழைய மென்பொருளை ஊட்ட வேண்டும். ஒரு பெட்டிக்கு நாற்பது நிமிஷம்.

மேலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: "பழைய பெட்டிம்மா. ஆயுசு முடிஞ்சுது, தானா போச்சுன்னு சொல்லிடலாம்." மேசையில் என் கையெழுத்தோடு சோதனைத் தாள் கிடந்தது. ஏழாம் வரிசையில் டிக். அதில்கூட வால் நீட்டி அழகாகப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாற்பத்து மூன்று விலாசத்தையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தெருவாரியாகப் பிரித்தால் அலைச்சல் குறையும் என்று.

முப்பத்தொன்றாவது விலாசம்: எண் 18, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு. அத்தான் பெயரில். அக்கா வீடு.

அப்புறம் பிரிக்கத் தோன்றவில்லை. தாளை மடித்து அகராதிக்கு அடியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஒன்பது வருஷம். அம்மா அக்கா வீட்டில்தான் இருந்தாள். அம்மா போன அன்று அக்கா என்னைப் பன்னிரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அலுவலகத்தில் கருவி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அன்றும் ஒரு அப்டேட். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்து பார்த்து ஓடினேன். நாலு மணிக்கே முடிந்துவிட்டிருந்தது. அத்தனை சொந்தங்களுக்கு முன்னால் அக்கா சொன்னாள்: "உனக்கு அந்தப் பெட்டிங்கதான் சொந்தம். போ, அதுங்களையே கட்டிக்கிட்டு அழு."

தாய் கிடக்கையில் சொல்லுகிற பேச்சா அது? போன் இழுப்பறையில் இருந்ததற்கு நானா பொறுப்பு? அன்று வாசலைத் தாண்டியவள், திரும்பப் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மார்ச் 9, திங்கள்

மேலாளரிடம் போய், ஏழாம் மாடலைச் சோதிக்காமல்தான் டிக் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நீங்களா என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்னும் விழுங்க முடியவில்லை. பெட்டிகளை எழுப்பும் வேலை முடியும்வரை சோதனை அறையை வேறொருவர் பார்த்துக்கொள்வாராம். லைன்மேனோடு நானும் வீடு வீடாகப் போக வேண்டும். லைன்மேன் எங்கள் எல்லோருக்கும் ஏணி. ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவதாலா, ஆளே அந்த உயரம் என்பதாலா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

ஆளுக்கு ஒரு மடிக்கணினி. ஆளுக்குப் பாதி ஊர். அந்தத் தெரு அவர் பாதியில் விழுமாறு நான்தான் பிரித்தேன்.

மார்ச் 11, புதன்

இன்று நாலு வீடு. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீடுகளுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. ஒரு வீட்டில் பெட்டியின் மேல் பல்செட் ஊறும் கிண்ணம். ஒரு வீட்டில் நாற்பது நிமிஷமும் மாமியார் மருமகளைப் பற்றி என்னிடமும், மருமகள் மாமியாரைப் பற்றி ஜன்னல் வழியாக யாரிடமோவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படம் வந்ததும் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். அதே வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள், உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க என்று. நான் மட்டும் என்றேன். அப்போ ரிமோட் சண்டையே வராதா என்று பொறாமைப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

புகார் கொடுத்த நாற்பதும் முடிந்தது. மூன்று வீட்டிலிருந்து இன்றுவரை போனே வரவில்லை. மேலாளர், கூப்பிடாதவர்களுக்கு டிவி தேவையில்லை என்று அர்த்தம், கோப்பை மூடுங்கள் என்றார். நான் மூடவில்லை.

மார்ச் 14, சனி

மூன்றில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. வேலை மாற்றலில் போய்விட்டார்களாம், பெட்டியை எதிர் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒரு கல்லூரி ஆசிரியர். டிவி போனது நல்லதாயிற்று, பையன் படிக்கிறான், தயவுசெய்து சரிசெய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எழுதி வாங்கிக்கொண்டேன்.

பாக்கி ஒன்று.

மார்ச் 15, ஞாயிறு

அவளுக்குத் தெரியும், போன் போட்டால் என் அலுவலகத்துக்குத்தான் வரும் என்று. அதனால்தான் போடவில்லை. சாகட்டும் டிவி, இவள் முகத்தில் விழிப்பதா என்று உட்கார்ந்திருக்கிறாள். வீம்பில் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தால் நடுவர்தான் களைத்துப்போவார்.

மார்ச் 16, திங்கள்

ஏணியை அனுப்பினேன். அக்கா வீடு என்று சொல்லவில்லை. அரை மணியில் திரும்பிவிட்டார். "நாங்க கம்ப்ளெய்ன்டே குடுக்கலையே, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாங்க. உள்ள விடல" என்றார். வீம்புதானே, தெரிந்ததுதான் என்று நான் தாளை மடிக்கும்போது, அவர் போகாமல் நின்றார்.

"வாசல்லேர்ந்து பார்த்தேன் மேடம். பெரியவர் ஒருத்தர் படுத்திருக்காரு. ஒரு பக்கம் விழுந்துடுச்சுபோல. டிவியில நம்ம எழுத்து வருது, போகுது, வருது. அதையே பார்த்துக்கிட்டு இருக்காரு. அணைச்சுடுங்கம்மான்னு சொன்னேன். அணைச்சா அழறாருங்கறாங்க."

அத்தானா?

அத்தானுக்கா? யாரும் சொல்லவில்லையே. யார் சொல்வார்கள், சொல்கிற மாதிரியா வைத்திருக்கிறேன்? எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, எப்போது விட்டார் என்றே தெரியாமல் விட்டுவிட்டவர். அந்த மனுஷன் பதினோரு நாளாக "தயவுசெய்து காத்திருக்கவும்" பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காரு. நான் போட்ட டிக்.

இன்று சாப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

லீவு போட்டேன். காலையிலிருந்து இந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் தேதி எழுதியதைப் படித்தேன். பொய். என் நோட்டில் எனக்கே பொய் எழுதி வைத்திருக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள் என்று?

ஐந்தரைக்கு இல்லை. ஒன்றரைக்கே பார்த்தேன். சாப்பாட்டுக்காக வெளியே வந்து இழுப்பறையைத் திறந்தேன். அக்காவிடமிருந்து ஆறு அழைப்பு. அக்கா எப்போதுமே அப்படித்தான், அம்மா தும்மினால் ஒன்று, இருமினால் இரண்டு. அதற்கு முந்தின வாரம்தான் அதே மாதிரி அரை நாள் லீவில் ஓடினால், அம்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு தடவை கூப்பிட்டிருக்காளே, ஒரு தடவை எடுத்து என்னன்னு கேட்டா என்ன? கேட்கல. போனைக் கவிழ்த்து வெச்சேன். சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். உள்ளே போனேன்.

ஒன்றரைக்குக் கிளம்பியிருந்தால் இரண்டுக்குப் போயிருப்பேன். அம்மாவோடு இரண்டு மணி நேரம் இருந்திருக்கும்.

இழுப்பறைக் கதையை எல்லோரும் நம்பினார்கள். பாவம், வேலை அப்படி என்றார்கள். அக்கா சொன்ன பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் கோபித்துக்கொண்டது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. கோபமாக இருக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். போகாதவரை சொல்ல வேண்டாம்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மடித்து வைத்த விலாசத் தாளை இன்று மறுபடி விரித்தேன்.

மார்ச் 18, புதன்

போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்தது அக்காதான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னை விட ஐந்து வயதுதான் பெரியவள். என் கையிலிருந்த மடிக்கணினிப் பையைப் பார்த்தாள். "நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையே" என்றாள். தெரியும், தப்பு எங்கள் பக்கம், அதனால் வந்தேன் என்றேன். நின்றாள். உள்ளே அத்தான் ஏதோ குரல் கொடுத்தார், அதற்காகத் திரும்பிப் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முன்னறையிலேயே கட்டில். அத்தானின் வலது பக்கம் அசையவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கஷ்டப்பட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "லேட்டு."

டிவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கம்பியைச் செருகினேன். அங்கே முகத்தை யாரும் பார்க்க முடியாது, நல்லது. பத்து சதவீதம். இருபது. அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை வைக்கும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான். முப்பத்தைந்து சதவீதத்தில் அத்தான் தூங்கிவிட்டார்.

நாற்பது நிமிஷம் இத்தனை நீளம் என்று இதுவரை தெரியாது. நான் போன மற்ற வீடுகளில் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்திரண்டில் அக்கா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "அன்னைக்கு மத்தியானமே பார்த்துட்டேன் அக்கா. ஒன்றரைக்கு. ஆறு மிஸ்டு கால் இருந்துச்சு. கவுத்து வச்சுட்டு சாப்பிட்டேன்."

அவள் திரும்பவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அத்தானின் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே சரிசெய்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது.

"அம்மா உன்னைக் கூப்பிடச் சொல்லல" என்றாள். "அவ வேலையில இருப்பா, தொந்தரவு பண்ணாதேன்னுதான் சொன்னா. நான்தான் கூப்பிட்டேன். இவரு ஊர்ல இல்ல. வீட்ல நானும் அம்மாவும்தான். எனக்குப் பயமா இருந்துச்சுடி. பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு."

ஒன்பது வருஷமாக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அழைப்பும் அக்காவுக்காக என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அழுதேன். டிவிக்குப் பின்னால் இருந்தேன் என்றாலும் சத்தம் கேட்டிருக்கும். அவள் எழுந்து வரவில்லை. டீ ஆறிப்போகுது என்று மட்டும் சொன்னாள்.

நூறு சதவீதம். பெட்டி எழுந்தது, ஏதோ ஒரு சேனலில் யாரோ ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அத்தான் கண்ணைத் திறந்து பார்த்து, இடது கையால் கட்டிலை இரண்டு தட்டுத் தட்டினார். அக்கா அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

வாசல்வரை வந்தாள். மறுபடி நின்னுபோகுமா என்று கேட்டாள். போகாது என்றேன். சரி என்றாள். வா என்று சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லத் தெரியாமல், பெட்டியைச் சுவர் ஸ்விட்சில் அணைக்க வேண்டாம், ரிமோட்டில் அணைத்தால் போதும் என்றேன். ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்த அக்காவிடம் கடைசியாகச் சொன்னது இது. எனக்கு வேறென்ன வாய்த்திருக்கிறது?

மார்ச் 19, வியாழன்

நாற்பத்து மூன்றுக்கும் கணக்குக் காட்டிக் கோப்பை மூடினேன். சோதனை அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

துணி மாற்றியும் குழாய் சொட்டுகிறது. கூப்பிடலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். என்னவென்று பேசுவது? பெட்டி ஓடுகிறதா என்றுதான் வாயில் வரும். வைத்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவளும் சொல்லிவிட்டாள். சொன்னதோடு எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று சட்டமா என்ன? மதியம் சோதனை அறையில் ஒரு டிவிக்கு மட்டும் சத்தம் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

பதினொன்றரை இருக்கும். மணிக்கூண்டு தன் மேசையிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். கட்டடமே திரும்பிப் பார்த்தது. போனேன். கையில் எழுதி முடிக்காத புகார்ச் சீட்டு. விலாசம் எண் 18, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு.

மறுபடி நின்றுவிட்டதா என்றேன்.

"அதான் புரியல. பெட்டி ஓடுதாம்மான்னா, நல்லா ஓடுதுங்கறாங்க. படம்? வருதாம். சத்தம்? கேட்குதாம். அப்புறம் எதுக்கும்மா கூப்பிட்டீங்கன்னா, ஆள் வரணும்ங்கறாங்க. யார்னு கேட்டா, போன தடவை வந்தவங்களேதான் வரணுமாம். கோளாறுங்கிற இடத்துல நான் என்ன எழுதறது?"

அவர்கள் சொன்னதையே எழுது என்றேன். ஆள் வரணும் என்று எழுதினாள். செல்பவர் என்ற இடத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நாள் லீவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. கிளம்புவதற்கு முன் இதை எழுதுகிறேன். மடிக்கணினியும் கம்பியும் மேசையிலேயே இருக்கட்டும்.